தம்பியின் உள் பை

கத்தரிக்கோல் அக்காவிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கப் போனாலும் சரி, கிழிந்த சட்டைக் கைக்கு ஒட்டுப்போடப் போனாலும் சரி, முதல் வேலையாக அதை மேசைமேல் விரித்து, கொண்டுவந்தவர் கண்ணெதிரே ஒவ்வொரு பையாகப் புரட்டுவாள். மேல் பை, பக்கப் பை, பின் பை, உள்ளே ஒளிந்திருக்கும் சின்னப் பை என்று எதையும் விடமாட்டாள். "ஒண்ணும் இல்லக்கா, நான் பாத்துட்டுத்தான் கொண்டுவந்தேன்" என்று யாராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள். "நீங்க பாத்தீங்க, சரி. நான் பாத்தேனா?" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புரட்டலில் என்னென்னவோ கிடைத்திருக்கிறது. சாவி, பஸ் டிக்கெட், பாதி கடித்த மிட்டாய். ஒருமுறை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் கோட்டுப் பையிலிருந்து அவருடைய பல் செட்டே வெளியே வந்து விழுந்தது. மருமகள்தான் குப்பையில் கொட்டிவிட்டாள் என்று ஒரு வாரமாக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார் மனுஷர். "முதல்ல போய் மருமககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க, அப்பறம் பல்லு" என்று டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டாள். வாத்தியார் பொக்கை வாயோடு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துதான் வாங்கிப் போனார்.

கடை வைத்த முதல் வருஷமே தெரு அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்துவிட்டது. துணியைவிட மற்றவர் பேச்சைத்தான் அதிகம் வெட்டுகிறாள் என்று கேலி. அவள் புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர். அவரே தன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் எல்லாப் பைகளையும் நாக்குத் தொங்குகிற மாதிரி வெளியே இழுத்துவிட்டுத்தான் போடுவார்.

பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் தம்பி செத்த அன்றைக்கு அவன் சட்டைப் பையை ஒருத்தர், ஒரே ஒருத்தர், புரட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்க்கக் கை நீட்டியவளையும் பார்க்க விடவில்லை. முப்பது வருஷமாக அவளுக்கு மூக்கின்மேல் கோபம் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது வந்த வழி அதுதான்.

அம்மா தம்பியைப் பெற்றுப்போட்டுவிட்டு, பிரசவத்துக்குப் போன தன் ஊரிலேயே கண்ணை மூடிவிட்டாள். இவளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயதில் மற்ற பெண்கள் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள், இவள் தம்பியை வைத்துக்கொண்டு அலைந்தாள். அவனுக்கு முதல் சொல் 'அக்கா'. இரண்டாவது சொல்லும் அதுவே. வளர்ந்து மீசை வந்த பிறகும், வீட்டுக்குள் நுழையும்போதே, "அக்கா, பசிக்குது" என்றுதான் செருப்பைக் கழற்றுவான்.

அப்பா பிஸ்கட் கம்பெனியில் தலைமை எலக்ட்ரீஷியன். வீட்டிலும் சிரிப்பைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற ஆள். கம்பெனியில் மாவு பிசைகிற பெரிய இயந்திரங்கள் நாலு உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கிற அளவு தொட்டி, தொட்டிக்குள் சுழலும் இரும்புக் கைகள். ஏதாவது பழுது என்றால் எலக்ட்ரீஷியன் அந்தத் தொட்டிக்குள்தான் இறங்க வேண்டும். அதற்காக அப்பா ஒரு முறை வைத்திருந்தார். உள்ளே இறங்குகிறவன் முதலில் ஸ்விட்ச் அறைக்குப் போய், அந்த இயந்திரத்தின் பியூஸைப் பலகையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பீங்கான் கட்டை அது, இரண்டு பக்கமும் செம்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அது பலகையில் இல்லாவிட்டால் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் அசையாது. வேலை முடிந்து வெளியே வந்தவன் தன் கையாலேயே அதைத் திரும்பப் போடுவான். மாறிப்போகாமல் இருக்க, செம்புத் தகட்டின் ஓரத்தில் அப்பா அரத்தால் வெட்டு வைத்திருந்தார். முதல் இயந்திரத்துக்கு ஒரு வெட்டு, நாலாவதுக்கு நாலு வெட்டு. உதிரி பியூஸ் ஒன்றுகூட அந்த அறையில் வைக்கவிடமாட்டார். உதிரி இருந்தால் எவனாவது எடுத்துப் போட்டுவிடுவான், உள்ளே இருக்கிறவன் கதி என்ன ஆவது என்பார். பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இது தெரியாத ஆள் அந்தக் கம்பெனியில் கிடையாது.

தம்பியும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த புதிதில் ஒரு நாள் குனிந்தபோது மேல் பையிலிருந்த பியூஸ் நழுவிக் காலில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான், அப்பாவிடம் சொல்லவில்லை. அவள் அன்றைக்கே அவனுடைய காக்கிச் சட்டையின் உள்பக்கம், இடது மார்புக்கு நேராக, தடித்த துணியில் ஒரு பை வைத்தாள். அப்போது அவள் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்குச் சாக்குப் பை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நைலான் நூலாலேயே பையைச் சுற்றி இரட்டைத் தையல் ஓட்டி, மூடிக்கு ஒரு பித்தளைப் பொத்தானும் வைத்தாள்.

"என்னக்கா இது, யானையைக் கட்டி வைக்கப் போறியா?" என்று கேட்டான்.

"உன்னை மாதிரி எருமையைக் கட்டத்தான். பட்டனப் போட மறந்துடாதே" என்றாள்.

"மறந்தா நீ சும்மா விடுவியா?" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவன் மறக்கிற ஜாதி இல்லை. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டியாயிற்றா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன்.

அப்பா முதுகுவலி என்று வீட்டில் படுத்திருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. மூன்றாவது இயந்திரத்தில் மூடியைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்துகிற ஸ்விட்ச் கெட்டிருந்தது. தம்பி தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இயந்திரம் ஓடிவிட்டது. அவ்வளவுதான் வீட்டுக்கு வந்த சேதி. இருபது வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே உயிர் இல்லை.

அன்றைக்கு அந்த ஷிப்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சூப்பர்வைசர். அவர் சொன்னார்: "பியூஸ் அதோட இடத்துலதான் இருந்துச்சு. பையன் கழட்ட மறந்துட்டான்." விசாரிக்க வந்த அதிகாரிகளும் பலகையைப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பியூஸ் இருந்தது. எத்தனை வெட்டு என்று பார்க்க அவர்களுக்கு என்ன தெரியும்? கவனக்குறைவு என்று முடித்துவிட்டுப் போனார்கள். செத்தவன் எழுந்து வந்து வாதாடப் போகிறானா என்ன? வசதியாகப் போயிற்று.

அவள் நம்பவில்லை. ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அவன் பிடுங்கியிருந்தால் அது அவன் உள் பையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அவன் துணிகளைக் கழற்றி, ஒரு பழைய விரிப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டி மூட்டையாகக் கொடுத்திருந்தார்கள். வீட்டு முன்னறையில் அவனைப் பெட்டியில் வைத்திருந்தபோது அந்த மூட்டை பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தாள். மூட்டைக்குள் ஏதோ கெட்டியாக விரலில் தட்டுப்பட்டது. அதற்குள் அவள் கைமேல் இன்னொரு கை வந்து விழுந்தது. சூப்பர்வைசருடைய கை.

"வேண்டாம் பாப்பா. பாக்க முடியாது, பிரிக்காதே" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அண்ணே, இந்தத் துணி வீட்டுல கிடக்க வேண்டாம். அவன்கூடவே வச்சிடலாம்" என்றார்.

"அப்பா, அவன் பையைப் பாக்கணும்ப்பா. பியூஸ் அதுலதான் இருக்கும். ஒரு நிமிஷம்ப்பா" என்று அவள் கெஞ்சினாள். கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அப்பா மூட்டையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "அவன்கூடவே வச்சிடுங்க தம்பி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சூப்பர்வைசரே குனிந்து மூட்டையை எடுத்துப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தார். பெட்டியைத் தூக்கும்போதும் முன்னால் தோள் கொடுத்தது அவர்தான். இடுகாட்டில் முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டதும் அவர்தான். என்ன மனுஷர், என்ன மனுஷர் என்று தெருவே மெச்சியது.

மறுநாள் காலை அவள் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றாள். பலகையில் மூன்றாவது இடத்தில் இருக்கும் பியூஸை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். காவலாளி உள்ளே கேட்டு வந்து, பொம்பளைங்களுக்கு அனுமதி இல்லை என்றான். உள்ளே பிஸ்கட் அடுக்குகிறவர்கள் அத்தனை பேரும் பொம்பளைகள். அதைச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டான்.

அப்பாவாவது போயிருக்கலாம். அவர் வைத்த பலகை, அவர் போட்ட வெட்டு. அறைக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. மகன் செத்த நாளிலிருந்து அந்தக் கம்பெனி இருக்கும் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் முறை சொல்லிக் கொடுத்தவன் பிள்ளையே முறையை மீறிச் செத்தான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற கூச்சம் அவருக்கு. பேசவும் செய்தார்கள், நாக்கில் நரம்பில்லாதவர்கள்.

பல வருஷம் கழித்து ஒரு நாள், தையலை நிறுத்திவிட்டு அவள் நேராகவே கேட்டாள். "அன்னிக்கு ஏன்ப்பா பிரிச்சுப் பாக்க விடல?"

அவர் தரையில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "பிரிச்சுப் பாத்து, பை காலியா இருந்தா? அப்பறம் நான் எப்படிம்மா இருப்பேன்?"

"இருந்திருந்தா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த கழுத்துப்பட்டியை இழுத்துக் கிழித்துவிட்டாள். வாடிக்கையாளருக்குப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பா பாவம் என்று அவளால் நினைக்க முடியவில்லை. நினைக்க வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் முடியவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. கம்பெனி தம்பியைப் பாடமாக்கிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்லும் கதையே அவன் கதைதான். ஒருமுறை அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சீருடையைப் பிடித்துத் தைக்கக் கடைக்கு வந்தாள். பேச்சுவாக்கில், "எங்க கம்பெனில முன்னாடி ஒரு மறதிக்காரப் பையன் இருந்தானாம்க்கா. பியூஸக் கழட்டாமலே மெஷினுக்குள்ள எறங்கிட்டானாம். அவன மாதிரி இருக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள்.

அக்கா அளவு நாடாவைச் சுருட்டிக் கீழே வைத்தாள். "அவன் மறக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வளத்தேன்" என்றாள். அந்தப் பெண் சீருடையை வாங்கப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் அனுப்பினாள், தான் வரவே இல்லை.

சூப்பர்வைசர் என்ன ஆனார் என்று கேட்டால் வயிறு எரியும். வாரம் தவறாமல் அப்பாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. "சித்தப்பான்னு கூப்பிடும்மா, நமக்கு வேற யார் இருக்கா" என்பார் அப்பா. அவள் சாகிறவரை கூப்பிடமாட்டேன் என்று 'சார்' என்றே கூப்பிட்டாள். அவர் அவளுக்கு நரை விழுந்த பிறகும் 'பாப்பா' என்றே கூப்பிட்டார். ஆட்டத்துக்கு நடுவே எப்போதாவது ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "சின்னப் பையன், மறந்துட்டான், பாவம்" என்பார். உடனே அப்பாவின் தலை குனிந்துவிடும். டீயில் எதையாவது கலந்துவிடலாமா என்று அவளுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. கலந்தது சர்க்கரையைத்தான், அதையும் குறைத்துத்தான் கலந்தாள்.

அப்பா எண்பதைத் தாண்டி, ஒரு காலை நேரத்தில், பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். இடுகாட்டில் புது இடம் கொடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அவரவர் குடும்பத்துக் குழியைத் திறந்து, பழைய எலும்புகளை எடுத்து ஓரமாக வைத்து, அதிலேயே அடக்கம் செய்ய வேண்டும். குடும்பத்துக் குழி என்று அவர்களுக்கு இருந்தது தம்பியின் குழி ஒன்றுதான்.

அப்பாவுக்காக அழுதாள், அழாமல் இல்லை. அழுதுகொண்டே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தம்பியின் எலும்புகளை வைக்க ஒரு வெள்ளைப் பை தைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புருஷன் அவளையும் சல்லடையையும் மாறி மாறிப் பார்த்தார். கேள்வி கேட்காமல் பால் வண்டியை எடுத்து அவளை இடுகாட்டில் இறக்கிவிட்டார்.

குழி வெட்டுகிறவர் அவளைப் பார்த்ததும், "வீட்டு ஆளுங்க இதையெல்லாம் பாக்கக் கூடாதும்மா, அந்த மரத்தடில போய் உக்காருங்க" என்றார்.

"நான் பாக்கத்தான் வந்தேன். கால்மாட்டு மண்ணை மட்டும் ஒரு மண்வெட்டி கூடச் சும்மா வீசக் கூடாது. எல்லாத்தையும் சலிச்சுப் போடணும்."

"எத்தனையோ குழி வெட்டியிருக்கேன். மண்ணைச் சலிக்கச் சொன்ன ஆள் நீங்கதாம்மா."

"சொன்ன ஆள் சலிக்கிறேன். நீங்க வெட்டுங்க" என்று சல்லடையோடு விளிம்பில் உட்கார்ந்தாள்.

பெட்டி மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. அவர் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, அவள் வாங்கி வெள்ளைப் பைக்குள் வைத்தாள். பிறகு கால்மாட்டு மண் வந்தது. சலித்தாள். முதலில் அகப்பட்டது பெல்ட்டின் கொக்கி, துருப்பிடித்து இரண்டாக உடைந்திருந்தது. அவளுக்கு உள்ளே எல்லாம் அடங்கிப்போயிற்று. அன்றைக்கு விரலுக்குத் தட்டுப்பட்டது இந்தக் கொக்கிதானா? இதற்காகவா இத்தனை வருஷம் எல்லோரையும் கரித்துக்கொட்டினாள்?

"இன்னும் இருக்கு, சலிங்க" என்றார் குழி வெட்டுகிறவர். மனுஷருக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது.

அடுத்த மண்வெட்டியில் ஒரு மண்கட்டி வந்தது. சல்லடையில் அது உடையவில்லை. விரலால் உதிர்த்தாள். நூல் தெரிந்தது. மஞ்சளேறிய நைலான் நூல், இரட்டைத் தையல். துணி போன இடம் தெரியவில்லை, சுற்றி அவள் ஓட்டிய தையல் மட்டும் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே பச்சை பூத்த பித்தளைப் பொத்தான். பொத்தான் போட்டபடியே இருந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டை.

குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். செம்புத் தகட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டி எண்ணிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பாவின் அரம் போட்ட வெட்டு. திரும்பவும் எண்ணினாள். பிறகு குழாயடிச் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினாள். அழுகை இல்லை அது. வசவு. அவளுக்குத் தெரிந்த அத்தனை வசவையும் யார் பேரும் சொல்லாமல் கொட்டித் தீர்த்தாள்.

புருஷன் ஓடிவந்து அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். கலியாணமான நாளாக அவர் காதில் ஓதப்பட்ட கதை அது. எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ இவன் கழட்டியிருக்கான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்போ பலகைல இருந்தது யாரோடது?" என்று கேட்டார். அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதே இல்லை.

பிற்பகல் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். தெரு வந்திருந்தது, பிஸ்கட் கம்பெனியில் ஓய்வுபெற்ற பழைய ஆட்களும் வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் கையில் தடியோடு வந்தார். மாவுப் பிரிவில் வேலை பார்த்த ஒரு கிழவர் அவருடைய முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். மூடாத பெட்டியின் பக்கத்தில் வந்து நின்று, யாரும் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார்.

"எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். பிள்ளை செஞ்ச ஒரு சின்ன மறதிக்கு வாழ்க்கை முழுக்கத் தலைகுனிஞ்சு இருந்தாரு. ஒரு நாள்கூட யாரையும் குத்தம் சொன்னதில்ல."

கத்தரிக்கோல் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பியூஸை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். நூலும் பொத்தானும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

என்ன இது என்று அவர் கேட்டிருக்கலாம். குற்றமில்லாதவன் அதைத்தான் கேட்பான். எங்கே கிடைத்தது என்று கேட்டிருக்கலாம். அவர் அதையே வெறித்துப் பார்த்தார். உதடு அசைந்தது.

"மக்கலையா இது?" என்றார்.

"பீங்கான் மக்காது சார். நைலான் நூலும் மக்காது" என்றாள் அவள். "பலகைல இருந்தது எத்தனை வெட்டு?"

அவர் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நாலாவது மெஷின் அன்னிக்கு ஓடல" என்றார். "சரக்கு கேட்டு மேலேருந்து கத்திக்கிட்டே இருந்தாங்க. மூணாவது காலியா இருந்துச்சு. யாரோ எடுத்துட்டுப் போயிட்டு வைக்கலன்னு நினைச்சு, நாலாவதோடத எடுத்து..."

"காலியா இருந்தா என்ன அர்த்தம்?"

அங்கே நின்ற பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். முழங்கையைப் பிடித்திருந்த மாவுப் பிரிவுக் கிழவர் தன் கையை எடுத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார்.

சூப்பர்வைசர் தடியை ஊன்றித் தடுமாறிக் குனிந்தார். குவித்து வைத்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினார். அழுதுகொண்டிருந்தாரோ என்னவோ, அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். அவள் கைமேல் வந்து விழுந்த அதே கை.

"நீங்க மண்ணு போட வேண்டாம்" என்றாள். "அன்னிக்குப் போட்டது போதும்."

அவர் விரல்களுக்கிடையே மண் வழிந்து கீழே விழுந்தது. கூட்டம் அவருக்கு வழிவிட்டது, யாரும் கூடப் போகவில்லை. அவர் தனியாகத் தடியை ஊன்றி வாசல்வரை நடந்து போவதை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளைப் பையை அப்பாவின் பக்கத்தில் வைத்தார்கள். புருஷன் மெதுவாக அவள் காதருகே வந்து, "அதையும் மாமா சட்டைப் பைல வச்சுடேன்" என்றார்.

"எதுக்கு? திரும்பவும் புதைக்கவா?" என்று சீறினாள். "இது கம்பெனி வாசலுக்குப் போகுது. நாளைக்குப் போறேன். இந்தத் தடவை கதவைச் சாத்தட்டும், பாத்துக்கறேன்."

பெட்டியை மூடப் பலகையைத் தூக்கினார்கள். இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அவள் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். பியூஸை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெட்டுகள் அவர் பக்கம் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம் வெளியே வந்தபோது சின்னதாகத்தான் வந்தது.

"காலியா இல்லப்பா" என்றாள். "ஒரே ஒரு பட்டன். கழட்டிப் பாத்திருக்கலாம்லப்பா."